கசிவு

கெயோனில் மழை நிற்பதில்லை, இளைப்பாறும்.
அப்படி அது இளைப்பாறிய சனிக்கிழமை
துளைக்கருவியைக் கையிலெடுத்தேன்.

மேலே மூன்று ஆன்டெனா.
கீழே வர ஒரு கேபிளுக்குத்தான் காசிருந்தது.
ஒவ்வொரு முறையும் மழைக்கோட்டை மாட்டி
ஏணியில் ஏறி
விறைத்த விரலால் ஒன்றைக் கழற்றி
இன்னொன்றைத் திருகி இறங்குவதற்குள்
நியூசிலாந்துக்காரர் தூங்கப் போயிருப்பார்.

அதற்குத்தான் இந்தப் பெட்டி.
சால்மன் ஆலை எறிந்த அலுமினியக் கூடு,
ஒரு மூலையை உப்பு தின்றிருந்தது.
பழைய லாரியில் பிடுங்கிய மூன்று ரிலே.
ஒன்றை அழைத்தால் அது மட்டும் எழுந்து
கம்பியின் கையைப் பிடிக்கும்.
மற்றவை மண்ணைத் தொட்டுக் கிடக்கும்,
இடி வந்தாலும் அப்படியே.

முதல் டயோடைத் தலைகீழாய் வைத்தேன்.
புகை வந்தது.
இரண்டாவதை வைக்குமுன் மூன்று தரம் பார்த்தேன்.
ஈயம் உருகி ஓடும்போது
அபெலினோ நினைவு வந்தான்.

எல்லையில் நின்ற கொய்வே மரம் அவனுடையது.
அதில் கட்டியிருந்த நீளக் கம்பி என்னுடையது.
சொல்லாமல் வெட்டினான்.
நான் சொன்னேன்,
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றுவதுபோல்,
அவன் மனைவி முன்னால், அவன் நாய் முன்னால்.
பதினான்கு மாதம் ஆகிறது.
கம்பி இப்போது ஒரு கம்பத்தில், தொய்ந்து.
இரண்டாம் எண் துளை அதற்கு.

சோதனை எளியது.
ஒன்றாம் துளையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு
ஐம்பது ஓம் சுமையை மாட்டு.
அது வானத்தைப் பார்க்காது.
குமிழை ஒன்றில் வை. எதுவும் கேட்கக் கூடாது.

மணி எட்டு.
குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல்
கேட்டது.

"கோர்கோவாதோ வளைகுடா.
வடமேற்குக் காற்று, முப்பது நாட்.
சிறு படகுகள் விடியும்வரை வேண்டாம்."
இருமினான்.
இந்த இருமல் போன வருடம் இல்லை.
"யாராவது கேட்கிறீர்களா?"
சற்று நேரம் காத்திருந்தான்.
நானும்தான், வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று.
பிறகு அவன் பக்கம் அணைந்தது.

நெஞ்சு கசிந்தது என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
கசிந்தது பெட்டி.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
இரண்டு விரல் நீளத்துக்கு
உறையில்லாத கம்பி விட்டிருந்தேன்.
சோம்பல். வேறொன்றுமில்லை.

ஞாயிறு முழுக்க அதே வேலை.
செப்புத் தகட்டை வெட்டி நடுவில் சுவராய் நிறுத்தி
நான்கு பக்கமும் பற்றவைத்தேன்.
கம்பியை ஒரு நகக்கண் அளவுக்குக் குறைத்தேன்.
விட்டுவைக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது,
அந்த மெல்லிய குரலை, யாருக்கும் தெரியாமல்.
ஆனால் ஒட்டுக்கேட்பதற்கா பெட்டி செய்தேன்?

எட்டு மணி. குமிழ் ஒன்றில்.
இரைச்சல்கூட இல்லை.
கடலடியில் கல் கிடப்பதுபோல் ரேடியோ.
ஒரு நிமிடம் அந்த வேலையை ரசித்தேன்.

பிறகு இரண்டுக்குத் திருப்பினேன்.
வெளியே கோபுரத்தில் டிக்.

அறை முழுக்க அபெலினோ.
காற்று, அலை, படகு, இருமல்.
"யாராவது கேட்கிறீர்களா?"
பொத்தானை அழுத்தினேன்.
மரம் பற்றிய வாசகம் ஒன்று
பல மாதமாய் நாக்கில் தயாராய் இருந்தது.
சொன்னது வேறு:
"எர்சிலியா. ஐந்துக்கு ஒன்பது. தெளிவு."

இருபது நொடி இருக்கும்.
"உன் கம்பி ரொம்பத் தாழ்வாய்க் கிடக்கிறது போல,"
என்றான். "எனக்குப் பாதிதான் வருகிறது."

"யாரால்?" என்றேன்.

சிரிப்பா இருமலா, பிரித்தறிய முடியவில்லை.
மூடியின் நான்கு திருகும் இன்னும் மேசையில்.
இளைப்பாறி முடித்த மழை
கோபுரத்தில், திறந்த பெட்டிமேல்
விழத் தொடங்கியிருந்தது.
"இரு, வந்துவிடுகிறேன்," என்று சொல்லி
மழைக்கோட்டைத் தேடினேன்.